இரவு ஏழரை மணி

போன வருஷம் நவம்பர் மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, என் மகனைக் கன்னத்தில் அறைந்தேன். அவனுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. அதற்கு முன்னாலும் அடித்திருக்கிறேன். முதுகில் ஒன்று, தொடையில் ஒன்று, அப்படி. ஆனால் அன்றைக்கு விழுந்த அடி மறுநாள் காலை பள்ளி வேன் வரும் நேரத்திலும் முகத்தில் இருந்தது. மூன்று விரல் தடம். அதன்மேல் பவுடர் போட்டு அனுப்பினேன்.

அடித்தது கோபத்தில். பவுடர் போட்டது நிதானத்தில். இன்றுவரை தொண்டையில் நிற்பது அந்தப் பவுடர்தான்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எங்களிடம் ஆர்டர் கொடுத்து வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் எங்கள் கட்டிங், தையல், செக்கிங், டையிங் எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்கிற வேலை. பையர் கேட்பதை இவர்களிடம் சொல்ல வேண்டும், இவர்களால் முடியாததை பையரிடம் நயமாகச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் திட்டு விழும். திருப்பித் திட்ட முடியாது. என் வீட்டுக்காரர் டையிங்கில் ஷிப்ட் வேலை. மாசத்தில் பாதி நாள் ராத்திரி அவர் வீட்டில் இல்லை.

எங்கள் பெரிய பையர் ஸ்வீடன் நாட்டுக் கம்பெனி. குளிர்காலத்தில் அவர்களுக்கும் நமக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அவர்கள் மதியச் சாப்பாடு முடித்து, காபி குடித்து, கம்ப்யூட்டர் முன்னால் தெளிவாக உட்கார்கிற மதியம் 3 மணி எனக்கு ராத்திரி 7.30. நான் வீடு வந்து, பையைக் கீழே வைத்து, அரிசி களைந்து குக்கரில் போட்டு, பையனை ஹோம்வொர்க்குக்கு உட்காரவைக்கிற நேரம். அப்போதுதான் மெயில் வர ஆரம்பிக்கும். அவர்கள் அலுவலகம் மூடும்போது எனக்கு 9.30 ஆகிவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் ஒரு லேப் டிப் அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். பனியன் தொழிலில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கலரைத் துணி முழுக்கச் சாயம் போடும் முன், சின்னத் துண்டில் மூன்று நாலு விதமாகப் போட்டு பையருக்கு அனுப்புவோம். அவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அந்தத் துண்டுதான் அந்த ஆர்டருக்கே அளவுகோல். அதைப் பார்த்துத்தான் டையிங் மாஸ்டர் டன் கணக்கில் துணிக்குச் சாயம் போடுவார். அன்றைக்கு வந்தது ஒரு பச்சை. மூன்று முறை திரும்பி வந்து, நாலாவது முறை ஓகே ஆன பச்சை. காலையில் நேராக டையிங்குக்குப் போகலாம் என்று பையில் வைத்திருந்தேன்.

நான் அடுப்படியில் ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் போனுமாக நின்ற நேரத்தில் அவன் அதைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டான்.

கூடத்துக்கு வந்து பார்த்தபோது சார்ட் பேப்பரில் ஒரு கிளி உட்கார்ந்திருந்தது. றெக்கை முழுக்க என் பச்சை. பெவிக்கால் இன்னும் காயவில்லை. "அம்மா, பாரு" என்றுதான் அவன் ஆரம்பித்தான். முடிக்கவில்லை.

அறைந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. எவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கினது தெரியுமா, என் வேலையே போயிடும், உன்னால ஒரு நாளாச்சும் நிம்மதி உண்டா என்றெல்லாம் கத்தினேன். அவன் அழவில்லை. கன்னத்தில் கை வைத்தபடி கிளியையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்னவள், எல்கேஜி படிக்கிறவள், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். அவள் அங்கே போய் நிற்பதை அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாகக் கவனித்தேன். ஒண்ட இடம் அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அப்படியானால் அது முதல் தடவை இல்லை.

மறுநாள் காலை அட்டையில் மிச்சமிருந்த துண்டை எடுத்துக்கொண்டு, என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தபடி டையிங்குக்குப் போனேன். மாஸ்டர் அதை வாங்கி, கலர் பார்க்கிற லைட் பாக்ஸுக்குள் வைத்துப் பார்த்தார். கட்டை விரல் அகலம்தான் இருந்தது. "இது போதும்மா" என்றார். அவ்வளவுதான். வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் வெளியே வந்து வண்டி ஸ்டாண்டில் நின்று அழுதேன்.

சாயங்காலம் வந்து அவன் டைரியைத் திறந்து பார்த்தேன். திங்கட்கிழமைப் பக்கத்தில் மிஸ் எழுதியிருந்தார்கள்: பறவைகள் ப்ராஜெக்ட், பச்சை வெல்வெட் பேப்பர் அல்லது துணி கொண்டுவரவும், புதன்கிழமை கடைசி. அவன் என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தான். ஒரு தடவை திங்கட்கிழமை ராத்திரி, ஒரு தடவை செவ்வாய்க்கிழமை காலையில் ஷூ போடும்போது. இரண்டு தடவையும் நான் "ம்" என்று சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது.

இதை நான் உடனே திருந்திவிட்ட கதையாக எழுத முடியாது. டிசம்பரில் அதே பையர் கம்பெனியிலிருந்து குவாலிட்டி பார்க்கிற அம்மா ஒருவர் திருப்பூர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். மதியம் சேர்ந்து சாப்பிடும்போது பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். அந்தப் பச்சைக்காக அவர்தான் எங்களை மூன்று தடவை திருப்பி அனுப்பினவர், அதனால் கிளிக் கதையைச் சிரிக்கிற விஷயம்போலச் சொன்னேன். "நல்லா ஒண்ணு வச்சேன்" என்று கையால் காட்டியும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: எங்கள் நாட்டில் 1979இல் பிள்ளைகளை வீட்டிலும் அடிக்கக் கூடாது என்று சட்டம் வந்தது, நான் அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தேன், அந்தச் செய்தியைப் பால் டப்பாவின் மேலேயே அச்சடித்திருந்தார்கள், காலைச் சாப்பாட்டு மேஜையில் அதை நான் சத்தமாக வாசித்தேன், என் அம்மா கேட்டுக்கொண்டு நின்றார் என்று.

பெற்றோர் அடிப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்த முதல் நாடு அதுதான். இன்றைக்கு அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அப்படிச் செய்திருக்கின்றன. நம் நாட்டில் பள்ளிக்கூடத்துக்கு இருக்கிறது. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், 17ஆவது பிரிவு, உடம்பிலும் அடிக்கக் கூடாது, மனசையும் வதைக்கக் கூடாது என்கிறது. என் மகன் மேல் ஒரு டீச்சர் கை வைத்தால் மறுநாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் நான் நிற்பேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கோபத்துக்கு எனக்கு என்ன தகுதி என்று அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் யோசித்தேன். சட்டத்தைவிட எனக்குள் தங்கியது அந்தப் பால் டப்பாதான். பிள்ளையே வாசிக்க, அம்மா கேட்கிறாள்.

பொங்கல் லீவு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நோட்டுப் போட்டேன்.

இது எனக்குத் தெரிந்த வேலை. செக்கிங்கில் என்ன செய்வோம்? பீஸில் டேமேஜ் வந்தால் எத்தனை வந்தது, என்ன வகை, எந்த மிஷின், எந்த நேரம் என்று குறிப்போம். தையல் ஓரத்தில் சின்னச் சின்ன ஓட்டையாக விழுகிறதா, முதலில் டெய்லரைத் திட்ட மாட்டோம், ஊசியைக் கழற்றிப் பார்ப்போம். பனியன் துணிக்கு முனை உருண்ட ஊசிதான் போட வேண்டும். அந்த முனை தேய்ந்தோ உடைந்தோ போனால் எவ்வளவு நல்ல டெய்லர் தைத்தாலும் நூலிழை அறுந்து ஓட்டை விழும். பதினொரு வருஷமாக இதைச் செய்கிறேன். வீட்டில் மட்டும் நேராக டெய்லர் கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தேன்.

நோட்டில் நாலு கட்டம் போட்டேன். மணி என்ன. அவன் என்ன செய்தான். நான் என்ன செய்துகொண்டிருந்தேன். நான் கடைசியாக எப்போது சாப்பிட்டேன். நாலாவது கட்டம் எதற்கென்று தெரியாமலேதான் போட்டேன், இடம் மிச்சமிருந்தது.

31 நாள் எழுதினேன். கத்தியது 43 தடவை. அதில் கை நீட்டியது நாலு தடவை. எழுதும்போது ஒவ்வொரு தடவையும் கை கூசியது. ஆனால் மாசக் கடைசியில் கூட்டிப் பார்த்தபோது நான் எதிர்பார்க்காத ஒன்று தெரிந்தது. 43இல் 29 ராத்திரி 7.30க்கும் 9க்கும் நடுவில். 9 தடவை காலையில், வேன் வருவதற்கு முந்தின முக்கால் மணி நேரத்தில். மிச்சம் ஐந்துதான் மற்ற எல்லா நேரத்துக்கும்.

அந்த 29இல் 22 தடவை, மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்ட பிறகு ஒரு டீயைத் தவிர என் வயிற்றில் ஒன்றும் இல்லை. 24 தடவை போன் கையில் இருந்திருக்கிறது.

இரண்டாவது கட்டத்தில், அவன் என்ன செய்தான் என்ற கட்டத்தில், எதைப் பார்த்தாலும் ஒரே மாதிரிதான் இருந்தது. சாதத்தை வாயில் வைத்துக்கொண்டு முழுங்கவில்லை. எழுதிவிட்டேன் என்று சொன்னான், எழுதவில்லை. தங்கச்சி பென்சிலை எடுத்தான். தண்ணி பாட்டிலைத் தொலைத்தான். இதையேதான் ஞாயிற்றுக்கிழமையும் செய்கிறான். பொங்கலுக்கு காங்கயம் பக்கம் எங்கள் அம்மா வீட்டுக்குப் போனபோது, புதுத் துணியோடு தொட்டித் தண்ணிக்குள் குதித்தான், கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட்டான், அது பாலை முழுக்கக் குடித்துவிட்டது, அன்றைக்குப் பால் கறக்கவே இல்லை. நாலு நாளில் அவனைக் கத்தியது ஒரே ஒரு தடவை என்று நோட்டு சொல்கிறது. கன்றுக்குட்டிக்கு நான் சிரித்திருக்கிறேன்.

அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை ஏழரை மணிக்கு என் கோபம் எதன்மேல்? பையர் மேல் காட்ட முடியாது. எம்.டி. மேல் காட்ட முடியாது. ஷிப்மென்ட் தள்ளிப்போகிறது என்று சொல்கிற கட்டிங் மாஸ்டர்மேல் காட்டினால் நாளைக்கு அவர் என் பீஸை எடுக்க மாட்டார். நாள் முழுக்க எல்லா இடத்திலும் அடக்க முடிந்த கோபம்தான் அது. காட்டினால் நமக்கு ஒன்றும் ஆகாது என்று உடம்புக்குத் தெரிந்த இடம் வந்ததும் அவிழ்ந்துவிடுகிறது. நாலடி உயரம் உள்ள இடம்.

பொங்கலுக்கு அம்மாவிடம் இதைப் பேசினேன். அம்மா என்னைப் புளியமிலாறால், புளியமரத்துக் குச்சியால், அடித்து வளர்த்தவர்.

"ஏங்கண்ணு, உன்னைய நானு அடிக்காததா? இப்ப நீ என்ன கெட்டாபோயிட்டே? படிச்சு, வேலைக்குப் போயி, நல்லாத்தான இருக்கறே" என்றார்.

நான் கேட்டேன்: "எதுக்கு அடிச்சீங்கன்னு ஒண்ணாச்சும் ஞாபகம் இருக்குதாம்மா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். வாசலில் பேரன் அவர் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான், "அம்மிச்சி, வா, வா" என்று. அவனை அவர் ஒரு நாளும் அதட்டினதில்லை. "ஞாபகம் இல்ல சாமி" என்றார். பிறகு, "அப்பெல்லாம் காடு காஞ்சு கெடந்துச்சு. உங்கப்பன் பணத்துக்கு அலைஞ்சுக்கிட்டு இருந்தாரு. எனக்கு யாரு மேல காட்டறதுன்னு தெரியல" என்றார்.

எதற்கு அடி வாங்கினேன் என்று எனக்கும் ஒன்றுகூட ஞாபகம் இல்லை. மிலாறு காற்றில் வரும் சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

என்ன மாற்றினேன் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை, சிலது பலிக்கவும் இல்லை.

முதலில் சாப்பாடு. ஆறரைக்கு கம்பெனியை விட்டுக் கிளம்பும் முன் இரண்டு இட்லியோ ஒரு கடலை உருண்டையோ ஒரு வாழைப்பழமோ சாப்பிடுகிறேன். இதைப் படிக்கிற அம்மாக்களில் பாதிப் பேர் மதியத்துக்குப் பிறகு ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் சாப்பிடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் கேன்டீனில் நான் தினம் பார்க்கிறேன். பிள்ளைக்கு ஸ்நாக்ஸ் டப்பா கட்டுகிறோம். நமக்கு ஒன்று கட்ட வேண்டும் என்று தோன்றுவதே இல்லை.

இரண்டாவது, ஏழரையிலிருந்து ஒன்பது வரை மெயில் பார்க்க மாட்டேன் என்று எம்.டி.யிடம் கேட்டேன். ஷிப்மென்ட் வாரத்தில் முடியாது என்றார். மற்ற வாரங்களில் சரி என்றார். ஆக மாசத்தில் ஒரு வாரம் பழைய கதைதான். அந்த வாரத்தில் ஹோம்வொர்க்கை நான் தொடுவதில்லை. என் வீட்டுக்காரர் ஷிப்ட் ஒத்துவந்தால் அவர் பார்ப்பார். இல்லையென்றால், எழுதவில்லை என்று மிஸ்ஸுக்கு டைரியில் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். எழுதாத ஒரு காப்பி ரைட்டிங் பக்கம், என் பிள்ளையின் கன்னத்தைவிடப் பெரிதில்லை.

மூன்றாவது தூக்கம். இந்த வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும். என் நோட்டைப் பார்த்தால் அவன் தூங்கியது பத்தரைக்கு, எழுப்பியது ஆறு மணிக்கு. ஏழரை மணி நேரம். சாதத்தை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானே, பாதி நாள் அது தூக்கக் கலக்கம். நான் அதற்குத் திமிர் என்று பேர் வைத்திருந்தேன். காலை ஐந்தரைக்கு எழுப்பி ஹோம்வொர்க் எழுதவைக்கலாம் என்று ஒரு வாரம் முயன்று, அவனும் நானும் இன்னும் மோசமாகி, விட்டுவிட்டோம். இப்போது ராத்திரி எட்டுக்குச் சாப்பாடு, ஒன்பதுக்கு விளக்கு அணைப்பு. பாத்திரம் மறுநாள் காலை வரை தொட்டியில் கிடக்கட்டும்.

கோபம் வந்த பிறகு என்ன செய்வது என்பது வேறு விஷயம். பத்து வரை எண்ணச் சொல்வார்கள். எனக்கு அது உதவவில்லை. எண்ணுகிற நேரத்தில் அவன் இதற்கு முன் செய்தது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்து, பத்தில் கோபம் இன்னும் கூராக நின்றது. எனக்கு உதவியது தண்ணீர். "அம்மாவுக்குக் கோபம் வந்துருச்சு, செடிக்குத் தண்ணி ஊத்திட்டு வர்றேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். நாலு தொட்டிச் செடி. இரண்டு கறிவேப்பிலை, ஒரு துளசி, ஒரு கற்றாழை. ஒரு குடம் தண்ணீரைச் செம்பில் மொண்டு மொண்டு ஊற்றினால் ஐந்து நிமிஷம் ஆகும். முதல் தடவை அவன் பின்னாலேயே ஏறி வந்துவிட்டான். கோபம் தண்ணியில் எப்படிப் போகும் என்று பார்க்கவாம். கற்றாழைக்கு இவ்வளவு தண்ணீர் ஆகாது என்று இப்போது அதற்கு மட்டும் விட்டுவிடுகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எத்தனை தடவை சொன்னாலும் ஏன் கேட்பதில்லை என்பதுதான் எனக்குத் தீராத ஆத்திரமாக இருந்தது. நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப் பகுதிதான் ஆசையை அடக்கி, யோசித்து, பொறுத்து நடக்கவைப்பது. அது முழுசாக முதிர இருபது வயதைத் தாண்டி, இருபத்தைந்து வாக்கில் ஆகிறது. எட்டு வயதில் அது இன்னும் முடியாத வேலை. எனக்கோ முப்பத்தேழு வயது. எனக்கு அது முதிர்ந்துதான் இருக்கிறது. அந்த ராத்திரி இரண்டு பேரில் தன்னை அடக்கியிருக்கக் கூடியவள் யார்?

மன்னிப்பும் கேட்டேன். கிளிக்கு மட்டும் இல்லை, பவுடருக்கும். கேட்பதற்கு எனக்கு இரண்டு மாசம் ஆயிற்று, ஜனவரிக் கடைசியில்தான் கேட்டேன். முதலில் ஒரு தடவை முயன்றபோது, "அம்மா அடிச்சது தப்புதான், ஆனா நீயும்..." என்று வாய் போய்விட்டது. அந்த "ஆனா"வுக்கு முன்னால் சொன்ன எதுவும் அவன் காதில் ஏறவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இரண்டாவது தடவை "ஆனா" இல்லாமல் சொன்னேன். நீ ரெண்டு தடவை சொன்னே, நான் காதுல வாங்கல. அடிச்சது தப்பு. பவுடர் போட்டது அதைவிடத் தப்பு. அவன் தோசையைப் பிய்த்துக்கொண்டே "சரி" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "மிஸ் கேட்டாங்க. சுவத்துல மோதிக்கிட்டேன்னு சொன்னேன்" என்றான்.

எட்டு வயதுப் பிள்ளை எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறான். எழுதிவிட்டேன் என்று பொய் சொல்வதற்காக நான் எத்தனை தடவை அவனைக் கத்தியிருக்கிறேன்.

இனி யார் கேட்டாலும் நடந்ததையே சொல்லு, அம்மாவைக் காப்பாத்த வேண்டாம் என்று சொன்னேன். புரிந்துகொண்டானா என்று தெரியவில்லை.

நோட்டை இன்னும் எழுதுகிறேன். பிரிட்ஜ் மேலே ஒரு பேனாவோடு இருக்கும். அது எதற்கு என்று அவன் கேட்டபோது மறைக்காமல் சொன்னேன். பிப்ரவரிக்குப் பிறகு கை நீட்டவில்லை. கத்தல் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. போன மாசம் 14.

நேற்று ராத்திரி ஷிப்மென்ட் வாரம். பாட்டிலை மறுபடியும் தொலைத்துவிட்டு வந்தான், இந்தப் பருவத்தில் இது நாலாவது. கத்தினேன். பிறகு மாடிக்குப் போய் வந்து, நோட்டை எடுத்து எழுதினேன். அவன் நாற்காலியில் ஏறி நின்று என் தோள் வழியாக எழுத்துக்கூட்டி வாசித்தான். சத்தமாக. மணி 8.10, பாட்டில், போன், ஆறரைக்கு வாழைப்பழம்.

"ம்மா, இது ஒண்ணுதான் எழுதியிருக்கே" என்றான். "ஏழே முக்காலுக்குப் பாப்பாவைக் கத்தினது?"

பேனாவை வாங்கி அவனே மணியை எழுதினான். மிச்ச மூன்று கட்டத்தை நான் நிரப்பினேன்.